காலுக்குத் தெரியும் பிறேக்கின் குறை

சென்ற மழைக்காலத்தில் நுவரெலியாவிலிருந்து கம்பளைக்கு இறங்கி வந்துகொண்டிருந்தோம். வண்டி, அறுபது ஆண்டுகளைக் கடந்த மொறிஸ் மைனர். றம்பொடைக்கு அண்மையில், வளைவொன்றில், பிறேக் மிதி பஞ்சைப்போல் உள்ளே இறங்கிற்று. கியரைக் குறைத்து, கைப்பிறேக்கை இழுத்து, ஒருவாறு ஓரத்தில் நிறுத்தினோம். பின்னிருக்கையிற் பிள்ளைகள் ஏதுமறியாது உறங்கிக்கொண்டிருந்தனர். அரைமணி கழித்து மிதித்துப் பார்த்தால், மிதி முன்போலவே உறுதியாக நின்றது! மறுநாட் காலை ஒரு கராஜிற் காட்டினோம். "ஒரு குறையும் இல்லை" என்றனர்.

குறை இருக்கத்தான் செய்தது. குளிர்ந்த வேளையில் ஒளிந்துகொள்ளும் குறை அது. பிறேக் எண்ணெய் என்று நாம் வழங்குவது உண்மையில் எண்ணெயன்று. காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும் ஒரு திரவம். புதியதாயின் 200 பாகை செல்சியசுக்கு மேலேதான் கொதிக்கும். ஈரமேறிய பழையதோ 150 பாகையை அண்மித்தே கொதித்துவிடலாம். நீண்ட இறக்கத்தில் ஓயாது மிதிக்கும்போது டிறம்மின் சூடு அத்திரவத்தை எட்டி, அதில் ஆவி உண்டாகின்றது. திரவம் அழுத்தத்துக்குச் சுருங்காது, ஆவி சுருங்கும். காலின் வலு ஆவியைச் சுருக்குவதிலேயே கழிந்துவிடச் சில்லுகளுக்கு ஒன்றும் போய்ச் சேர்வதில்லை. சூடு ஆறியதும் ஆவி மறைந்துவிடும். பிறகு ஆராய்பவர் எதைக் காண்பார்?

திரவத்தை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முற்றாக மாற்றுவதே இதற்குப் பரிகாரம். மலையில் எந்தக் கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்கவேண்டும் என்ற பழைய சாரதிகளின் வழக்கமும் இங்கு கைகொடுக்கும்.

இறக்கத்திற் பிறிதொரு குறையும் தோன்றுவதுண்டு. மிதி கல்லைப்போல் நிற்கும், வண்டியோ நிற்காது. அது லைனிங் சூடேறிப் பிடிப்பை இழந்ததால் வருவது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவோர் பலர்.

சமநிலத்தில் ஓடுவோருக்குப் பழகிய குறை வேறு. மிதி பாதிவரை இறங்கும். உடனே மறுமுறை மிதித்தால் மேலே வந்துவிடும். "இரண்டு தரம் அடித்தாற் பிடிக்கும்" என்று சொல்லிக்கொண்டே ஆண்டுக்கணக்காக ஓட்டுவோரை நாம் அறிவோம். எமக்கு இது சிறிதும் உடன்பாடன்று. குறுக்கே ஒரு குழந்தை ஓடிவருகையில் இரண்டாந் தரம் மிதிக்க நேரமேது? பெரும்பாலும் லைனிங் தேய்ந்து, டிறம்மிலிருந்து விலகியிருப்பதே காரணம். வண்டியை நிறுத்தி, கைப்பிறேக்கை இழுத்துவிட்டு மிதித்துப் பாருங்கள். மிதி உயர்ந்து நின்றாற் பின்சில்லுகளைச் சரிசெய்ய வேண்டும் என்று கொள்ளலாம். மைனரில் முன்சில்லு ஒவ்வொன்றிலும் சரிசெய்யும் திருகு இரண்டு உண்டு. ஒன்றை மாத்திரம் முடுக்கிவிட்டு ஓய்வோரும் உளர். மிதி மேலே வந்தும் நெகிழ்வாகவே இருந்தாற் குழாயிற் காற்றுப் புகுந்துள்ளது.

மிதியை ஒரு நிமிடம் ஒரே வலுவுடன் அழுத்திப் பிடியுங்கள். மெல்லத் தாழ்ந்துகொண்டே போனால் எங்கோ ஒழுக்கு உண்டு. பின்சில்லின் உட்புறத்தில் ஈரங் கண்டால், அது அச்சிலிருந்து கசியும் எண்ணெயா, பிறேக் திரவமா என்ற ஐயம் எழும். ஒரு துளியை நீரில் இடுங்கள். கலந்துவிட்டாற் பிறேக் திரவம், மிதந்தால் எண்ணெய். (வீட்டிலுள்ள மாணவர் இச்சோதனையை விரும்பிச் செய்வர்.) வெளியே எங்கும் ஈரமில்லையாயின், மாஸ்ரர் சிலிண்டரின் உள்ளிருக்கும் இறப்பர் தேய்ந்திருத்தல் கூடும். மைனரில் அது சாரதியின் காலடியில், விரிப்பின் கீழ், ஒரு மூடிக்குள் இருக்கின்றது. கண்ணிற் படாத காரணத்தால் திரவ மட்டத்தை மாதக்கணக்காக எவரும் பார்ப்பதில்லை. குறைந்திருக்கக் கண்டு, அவசரத்தில் எஞ்சின் எண்ணெயை ஊற்றிவிடாதீர்கள். இறப்பர்கள் யாவும் ஊதிப் பழுதாகிவிடும்.

இவ்வண்டியில் நான்கு சில்லுகளுக்கும் மாஸ்ரர் சிலிண்டர் ஒன்றே, திரவம் செல்லும் வழியும் ஒன்றே. எங்கு ஒழுகினாலும் நான்கும் போய்விடும். கைப்பிறேக் மாத்திரம் கம்பியால் தனியே இயங்குவது. அன்று எம்மைக் காத்ததும் அதுவே. ஆதலின் அக்கம்பியையும் முடுக்கி வைத்தோம்.

எமது வண்டியிலிருந்து வடித்தெடுத்த திரவம் வெறுந்தேநீரின் நிறத்தில் இருந்தது. அதைக் கடைசியாக எப்போது மாற்றினோம் என்பது வீட்டில் எவருக்கும் நினைவில்லை.