கதவில்லாத புகை அறை

உணவகங்களிலும் மதுக்கூடங்களிலும் புகைபிடிக்கத் தடை வேண்டுமா என்று வாதிடுவோர், தடை ஏற்கெனவே இருப்பதை மறந்துவிடுகிறார்கள். 2003-ஆம் ஆண்டுப் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு பொது இடங்களில் புகைபிடிப்பதைத் தடுக்கிறது. அதற்கான விதிகள் 2008 அக்டோபர் 2 முதல் நடைமுறையில் உள்ளன. உணவகங்களில் 30 பேரோ அதற்கு மேலோ அமரக்கூடியவை மட்டும் புகைபிடிக்கத் தனி இடம் ஒதுக்கிக்கொள்ளலாம். அதற்கு நாற்புறமும் முழு உயரச் சுவர், தானாக மூடிக்கொள்ளும் கதவு, புகையை வெளியேற்றும் வசதி எல்லாம் வேண்டும்.

நடப்பில் காண்பது வேறு. திருச்சி மதுக்கூடம் ஒன்றின் 'புகை அறை' என்பது ஆள் உயர பிளைவுட் தடுப்பு; கதவே கிடையாது. புகை தடுப்பைத் தாண்டிப் பக்கத்து மேசையின் சுண்டல் தட்டுவரை வந்துவிடுகிறது. சாம்பல் கிண்ணம் வைக்கக் கூடாது அல்லவா, அந்த வேலையைத் தண்ணீர் டம்ளர் பார்க்கிறது! வாடிக்கையாளர் சற்று நேரத்தில் எழுந்து போய்விடுவார். மேசை துடைப்பவரோ கடை அடைக்கும்வரை அந்தக் காற்றையே சுவாசிக்கிறார். அயர்லாந்து 2004 மார்ச் 29 அன்று மதுக்கூடங்களையும் சேர்த்துத் தடை விதித்தபோது, அதைப் பணியிடப் பாதுகாப்பாகவே முன்வைத்தது. வியாபாரம் படுத்துவிடும் என்ற கூச்சல் அங்கும் எழுந்ததுதான்.

இங்கே புகைப்பவருக்கு அபராதம் அதிகபட்சம் 200 ரூபாய். அதற்கு யாரும் அஞ்சுவதாகத் தெரியவில்லை. தனி அறைச் சலுகையை நீக்குவதே முறை. அதுவரை, உரிமம் புதுப்பிக்கும்போதெல்லாம் அதிகாரிகள் அந்த அறையை நேரில் பார்த்துச் சான்றளிப்பதைக் கட்டாயமாக்கலாம்.

— வாசகர், திருச்சி