ஒரே பக்கம், எத்தனை பொறுப்பாளிகள்?

பள்ளிக்கூட லீவு நெருங்கினால் போதும், வாட்ஸ்அப் குழுக்களில் டிக்கெட் பேச்சுதான். "எதுக்குப் பத்து சைட் பார்க்கணும்? ஃப்ளைட், ஹோட்டல், கார் எல்லாம் ஒரே இடத்துல கிடைக்குதே" என்று யாராவது ஒரு லிங்க் போடுவார்கள். நல்ல வசதிதான். ஆனால் பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கு: ஏதாவது தவறினால் பதில் சொல்லப் போவது யார்?

எல்லாத்தையும் ஒரே கையில் வாங்கும் பழக்கம் இணையத்தோடு வந்ததில்லை. 1841-இல் தாமஸ் குக் இங்கிலாந்தின் லெஸ்டரிலிருந்து லஃப்பரோவுக்கு ஒரு ரயில் பயணம் ஏற்பாடு செய்தார். ரயிலையும் தங்குமிடத்தையும் சேர்த்து விற்கும் தொழிலாக அது வளர்ந்தது. 1987-இல் ஏர் பிரான்ஸ், லுஃப்தான்சா, ஐபீரியா, எஸ்ஏஎஸ் நான்கும் சேர்ந்து அமேடியஸ் என்ற முன்பதிவு அமைப்பைத் தொடங்கின. டிராவல் ஏஜென்ட் மேசையில் இருந்த அந்த மாதிரி திரைதான் இப்போ நம்ம கைக்கு வந்திருக்கு.

திரைக்குப் பின்னால் நடப்பதை ஒரு புரோகிராமராகச் சொல்கிறேன். பெரும்பாலான தளங்களிடம் சொந்தமாக ஒரு சீட்டும் இல்லை, ஒரு ரூமும் இல்லை. நீங்க தேடும்போது அது பல கம்பெனிகளின் சர்வர்களிடம் விலை கேட்டு, வந்த பதில்களை அடுக்கிக் காட்டுது. வேகத்துக்காகச் சில விலைகளைச் சேமித்தும் வைத்திருக்கும். கடைசிப் பக்கத்தில் விலை ஏறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரு வங்கிக்குள் பணம் மாற்றும்போது பாதியில் தடங்கல் வந்தால், முழுவதும் பழைய நிலைக்குத் திரும்பிடும். இங்கே அப்படி இல்லை. விமானம் உறுதியாகி ஹோட்டல் கைவிரித்தால், விமான டிக்கெட் தானாக ரத்தாகாது. அந்த ஓட்டையை சாப்ட்வேரால் முழுசாக அடைக்க முடியாது, சட்டம்தான் அடைக்கணும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் அப்படி ஒரு விதி 2018 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கு. ஒரே பயணத்துக்காக விமானம், ஹோட்டல் என இரண்டு வகைச் சேவைகளை ஒரே இடத்தில் தேர்ந்தெடுத்துச் சேர்த்து வாங்கினால், அது 'பேக்கேஜ்'. விற்றவரே முழுப் பயணத்துக்கும் பொறுப்பு. அவர் திவாலானாலும் பணத்துக்குப் பாதுகாப்பு உண்டு. விமான டிக்கெட் வாங்கிய பின் இன்னொரு சைட்டுக்கு அனுப்பி, உங்க பெயர், இமெயில், கார்டு விவரத்தையும் சேர்த்து அனுப்பி, 24 மணி நேரத்துக்குள் ஹோட்டல் பதிவானால் அதுவும் பேக்கேஜ்தான். வெறும் லிங்க்கை அழுத்தி நீங்களே எல்லாம் நிரப்பினால் இந்த முழுப் பாதுகாப்பு கிடையாது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்!

பிரிட்டனிலும் இதே மாதிரி விதி உண்டு. 2019 செப்டம்பரில் தாமஸ் குக் நிறுவனமே மூடப்பட்டபோது, சுமார் ஒன்றரை லட்சம் பேரை பிரிட்டன் விமானப் போக்குவரத்து ஆணையம் வீடு சேர்த்தது. பேக்கேஜ் வாங்கியவர்களின் பணத்துக்கு 'அட்டோல்' பாதுகாப்பு இருந்தது.

நம்ம ஆட்களுக்கு இதில் ஒரு சிக்கல். ஊருக்குப் போனால் அம்மா வீட்டில்தான் தங்குவோம், ஹோட்டல் போட மாட்டோம். இரண்டு விமானம் வாங்கினாலும் அது ஒரே வகைச் சேவைதான், பேக்கேஜ் ஆகாது. அப்போ நம்மைக் காப்பது ஒரே டிக்கெட் மட்டும்தான். முதல் விமானம் தாமதமாகி அடுத்தது தவறினால், ஒரே டிக்கெட்டில் இருப்பவரை வேறு விமானத்தில் அனுப்புவது விமான நிறுவனத்தின் வேலை. தனித்தனி டிக்கெட் என்றால் இரண்டாவது கம்பெனிக்கு நீங்க வெறும் 'வராத பயணி'.

அதனால் 'செல்ஃப் டிரான்ஸ்ஃபர்' என்று சின்ன எழுத்தில் இருக்கா என்று பாருங்க. பெட்டி கடைசி ஊர் வரை நேராகப் போகுமா, நடுவில் இறங்கி எடுக்க விசா வேணுமா என்றும் பாருங்க. கார்டு ஸ்டேட்மென்ட்டில் யார் பெயர் வரும் என்பதையும் கவனியுங்க. வயசான அப்பா அம்மா தனியாக வரும் பயணம் என்றால், கொஞ்சம் விலை கூடினாலும் ஒரே டிக்கெட்டாகவே எடுத்துடுங்க.