சொரென்டோவில் ஒரு மாலையின் விலை

இத்தாலியக் கடற்கரை ஊர்களுக்கான சுற்றுலா விளம்பரங்களில் ஒரே காட்சிதான் திரும்பத் திரும்ப வருகிறது. செங்குத்துப் பாறையின் விளிம்பில் ஒரு மேசை, இரண்டு நாற்காலிகள், ஒரு மெழுகுவர்த்தி. பின்னால் வெசூவியஸ் மலையும் செம்மை படர்ந்த நேப்பிள்ஸ் வளைகுடாவும். அந்த இருவரைத் தவிர வேறு மனிதர் எவரும் படத்தில் இரார். மாலைப்பொழுது இருவருக்கு மட்டுமே உரிய தனிச்சொத்து என்று அப்படம் சொல்கிறது. சொரென்டோ போன்றதோர் ஊரைப் பற்றி இதைவிடப் பொருந்தாத ஒன்றைச் சொல்வது கடினம். அந்த ஊரின் மாலையை இனியதாக்குவது, விளம்பரக்காரர் கவனமாகப் படத்திலிருந்து நீக்கிவிட்ட கூட்டம்தான்.

சொரென்டோ ஏறத்தாழ 15 ஆயிரம் பேர் வாழும் நகரம். நேப்பிள்ஸிலிருந்து சிர்கும்வெசூவியானா எனப்படும் உள்ளூர் ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலான பயணம். கோடையில் வெயில் தணிந்ததும் அதன் முதன்மைச் சாலையான கோர்சோ இத்தாலியாவின் நடுப்பகுதியில் வாகனங்கள் நிறுத்தப்படுகின்றன. பிறகு ஊர் நடக்கத் தொடங்குகிறது. சலவை செய்த சட்டையணிந்த முதியவர், பேரக் குழந்தையின் தள்ளுவண்டியோடு வரும் பாட்டி, கைகோத்துச் செல்லும் இரு தோழியர், ஜெலாத்தோ உருகிக் கையில் வழியும் சிறுவன் என எல்லோரும் ஒரே தெருவில் மேலும் கீழுமாக நடக்கிறார்கள். பியாட்சா தாஸ்ஸோ சதுக்கம் வந்ததும் திரும்புகிறார்கள். (1544இல் இவ்வூரில் பிறந்த கவிஞர் தொர்குவாத்தோ தாஸ்ஸோவின் பெயரைத் தாங்கிய சதுக்கம் அது.) எதிரே வருபவரை நிறுத்தி நலம் விசாரிக்கிறார்கள், பத்து நிமிடம் கழித்து அவரையே மீண்டும் எதிர்கொண்டு தலையசைக்கிறார்கள். இந்த நடைக்குப் போய்ச் சேருமிடம் என்று ஒன்று கிடையாது.

இதற்குப் பஸ்ஸெஜ்ஜாத்தா என்று பெயர். தெற்கில் ஸ்த்ரூஷோ என்றும் வழங்குவர். உரசுதல் என்னும் பொருள்படும் வினையிலிருந்து பிறந்த சொல். புனித வியாழனன்று நேப்பிள்ஸ் மக்கள் தேவாலயம் தேவாலயமாக நடந்து சென்றபோது பட்டாடைகளும் காலணிகளும் தரையில் உரசிய ஓசையே பெயருக்குக் காரணம் என்பது வழக்கு.

இந்த உலாவைச் சமத்துவத் திருவிழாவாகப் புனைந்துரைப்பதும் தவறு. யார் யாரோடு நடக்கிறார், எவர் வீட்டுப் பெண் எத்தகைய உடையில் வந்தாள், எந்தக் குடும்பம் எந்தக் குடும்பத்தைக் கண்டும் காணாமல் போயிற்று என்பதையெல்லாம் தெரு குறித்துக்கொள்ளும். அப்ருட்சோ மாநிலச் சிற்றூர் ஒன்றின் மாலை உலாவைப் பற்றி ஜொவான்னா டெல் நெக்ரோ 2004இல் வெளியிட்ட நூல், அது எவ்வளவு நுட்பமான அரங்கேற்றம் என்பதைக் காட்டுகிறது. ஆனால் காதல் பற்றிய விளம்பரத்துக்கு நேரெதிரான ஓர் உண்மையும் இங்கேதான் இருக்கிறது. இந்த ஊர்களில் காதல் தனிமையில் வளர்ந்த ஒன்றன்று. ஓர் இளைஞனும் ஓர் இளம்பெண்ணும் முதன்முறையாக உலாவில் சேர்ந்து தென்பட்டால், அதுவே ஊருக்கான அறிவிப்பு. அந்தக் காதலுக்குச் சாட்சிகள் தேவைப்பட்டனர். தெருவின் இரு மருங்கும் நாற்காலி போட்டு அமர்ந்திருந்தவர்கள் அச்சாட்சிகள்.

சுற்றுலாவியல் படிப்போர் ஜான் அர்ரியின் 1990ஆம் ஆண்டு நூலை அறிவர். பயணியின் பார்வையை அவர் இரண்டாகப் பிரித்தார். ஒன்று, தனிமையையும் குலையாத இயற்கையையும் நாடும் கற்பனாவாதப் பார்வை. அங்கே இன்னொரு மனிதர் குறுக்கிட்டாலே சுவை கெடும். மற்றொன்று, கூட்டத்தால்தான் உயிர் பெறும் கூட்டுப் பார்வை. ஆளில்லாத கடற்கரைப் பொழுதுபோக்கு நகரம் வெறும் சோகம். இப்பகுப்பு பயனுள்ளதே. ஆயினும் கூட்டுப் பார்வைக்குத் தேவையான கூட்டமாக அர்ரி பெரும்பாலும் கருதியது பிற பயணிகளை. சொரென்டோவின் மாலை அதற்குள் அடங்காது. அங்கே கூட்டம் என்பது உள்ளூர்க் குடும்பங்கள். வேடிக்கை பார்க்க வந்தவர் அவர்களது அன்றாடத்தின் ஓரத்தில் இடம்பெற்றிருக்கும் விருந்தாளி. தனிமை என்று சொல்லி விற்கப்படுவதும், பிறரது உடனிருப்பு இல்லையேல் செத்துப்போவதுமான ஒரு பண்டம் இது. இந்த முரண்தான் அந்த ஊரை மெல்ல அரிக்கிறது.

இதைக் கண்ணால் காண வேண்டுமெனில் சான் செசாரேயோ என்னும் குறுகிய சந்துக்குள் போக வேண்டும். இரு பக்கமும் எலுமிச்சை மதுவும் மரப் பேழைகளும் விற்கும் கடைகள். நடுவே செடில் டொமினோவா என்னும் திறந்த மண்டபம். நகரத்துப் பிரபுக்கள் ஊர் நிர்வாகம் பற்றிக் கூடிப் பேசுவதற்காக எழுந்த கட்டடம். சுவரெங்கும் இல்லாத தூண்களை இருப்பதுபோல் காட்டும் ஓவியங்கள். மேலே மஞ்சளும் பச்சையுமான ஓடுகள் வேய்ந்த குவிமாடம். இந்த மண்டபத்தில் 1877 முதல் இருந்துவருவது தொழிலாளர் பரஸ்பர உதவிச் சங்கம். பிரபுக்கள் அமர்ந்த இடத்தில் இன்று மாலைதோறும் ஓய்வுபெற்ற முதியவர்கள் சீட்டாடுகிறார்கள். நேப்பிள்ஸ் சீட்டுக்கட்டில் நாற்பது சீட்டுகள். நாணயம், கிண்ணம், வாள், கழி என நான்கு இனங்கள். அவர்கள் விரும்பியாடும் ஸ்கோப்பா என்னும் ஆட்டத்தின் பெயருக்குத் துடைப்பம் என்று பொருள்: பலகையில் உள்ள சீட்டுகளையெல்லாம் ஒரே வீச்சில் கூட்டி அள்ளுபவருக்குப் புள்ளி.

சந்தில் போகிறவர்கள் தடுப்புக்கு வெளியே நின்று படமெடுக்கிறார்கள். ஆடுகிறவர்கள் நிமிர்வதில்லை. இம்முதியவர்களும் ஒரு காட்சிப்பொருள் ஆகிவிட்டனரே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது, ஆனால் அவர்கள் ஜனவரி மாதத்து மழையிலும், சந்து காலியாகக் கிடக்கும்போதும் அதே ஆட்டத்தை ஆடுகிறவர்கள். வாடகைக்கு விட்டால் இந்த ஊரிலேயே மிக உயர்ந்த தொகையை ஈட்டக்கூடிய சில சதுர மீட்டர்களில், எதையும் விற்காமல் ஒரு மாலை கழிகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொழிலாளர் இயக்கம் ஒரு மண்டபத்தைக் கையில் வைத்திருந்தது என்பதற்குமேல் இதற்குப் பெரிய விளக்கம் ஏதுமில்லை. பண்பாட்டைக் காப்பது பற்றி நடக்கும் கருத்தரங்குகளில் உடைமை பற்றிய இந்த எளிய செய்தி அரிதாகவே பேசப்படுகிறது.

பழைய சொரென்டோ தூயது, பயணிகள் வந்து கெடுத்துவிட்டனர் என்னும் புலம்பலுக்கும் இங்கே இடமில்லை. இந்தக் கரையோரத்து மக்கள் வறுமை தாளாமல் அமெரிக்காவுக்குக் கப்பலேறிய காலம் உண்டு. விருந்தினர் வருகைதான் பலரை ஊரில் இருத்தியது. வந்தவர்களின் பட்டியலும் சுவையானது. 1876ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் தலைவலியோடு வந்து, அடுத்த வசந்தம்வரை தங்கினார் நீட்சே. 1881இல் இங்கே தங்கி இப்சன் எழுதி முடித்த நாடகம், பரம்பரையாகத் தொடரும் பால்வினை நோயை மேடையேற்றிய 'பேய்கள்'. 1924 முதல் 1933 வரை, இடையிடையே சோவியத் நாட்டுக்குச் சென்று திரும்பியவாறு, காசநோயோடு இங்கே வாழ்ந்தவர் மாக்சிம் கார்க்கி. ரகுநாதனின் மொழிபெயர்ப்பில் 'தாய்' நாவலைப் படித்த தமிழ் வாசகருக்கு அறிமுகம் தேவையில்லாதவர். காதலர்களின் ஊர் என்று விற்கப்படும் இடத்துக்கு இதைவிட வினோதமான விருந்தினர் பட்டியல் அமையாது.

உலகெங்கும் காதல் ஏக்கப் பாடலாகப் பாடப்படும் 'தோர்னா அ சுரியெந்தோ'வின் கதையும் இத்தகையதே. 1902இல் இத்தாலியப் பிரதமர் ஜனார்தெல்லி இவ்வூருக்கு வந்தபோது, அஞ்சல் நிலையம் அமைத்துத் தருவதாகச் சொன்ன வாக்கை மறவாதிருக்கவே டி கூர்த்திஸ் சகோதரர்களைக் கொண்டு அப்பாட்டு ஆக்கப்பட்டது என்று ஊரார் சொல்வர். கதை முழுவதும் மெய்யோ புனைவோ, ஊர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ள விரும்புவது இதைத்தான்: அந்த ஏக்கத்துக்குள்ளே ஒரு நகராட்சிக் கோரிக்கை மனு இருக்கிறது.

இன்றைய கோரிக்கை மனு வேறு. பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடும் வீட்டில் கிடைக்கும் வருமானம், ஆண்டுக் குத்தகைக்கு விட்டால் கிடைக்காது. எனவே நகரின் நடுவிலிருக்கும் குடியிருப்புகள் ஒவ்வொன்றாக விருந்தினர் அறைகளாகின்றன. 2025 சனவரி முதல் இத்தகைய வாடகை இடங்கள் அனைத்தும் தேசிய அடையாளக் குறியீடு பெற வேண்டும் என்பது சட்டம். அது எண்ணிக்கையைத் தெரிவிக்குமே ஒழிய எண்ணிக்கையைக் குறைக்காது. உணவகத்தில் பரிமாறுகிறவரும் பாத்திரம் கழுவுகிறவரும் வளைகுடாவின் மறுகரையிலிருந்து ரயிலில் வந்து போகிறார்கள். ஒருவருடைய உழைப்பு ஊரில் இருக்கிறது, மாலை ஊரில் இல்லை என்றால், அவர் உலாவில் இருக்க மாட்டார். பாறை விளிம்பு மேசையில் பரிமாறி முடித்தவருக்கு எஞ்சுவது நடைமேடை மட்டுமே.

நகராட்சிகள் இதற்கு அளிக்கும் விடை பெரும்பாலும் உடல்களை ஒழுங்குபடுத்துவதாகவே இருக்கிறது. 2022 கோடையில் சொரென்டோ, நீச்சலுடையோடும் வெற்றுமார்போடும் தெருவில் திரிவோருக்கு 500 யூரோ வரை தண்டம் என்று அறிவித்தது. வடக்கே லிகூரியக் கரையிலுள்ள சின்னஞ்சிறு போர்ட்டோபினோ 2023இல் இன்னும் ஒரு படி மேலே போனது: படமெடுப்பதற்காகத் துறைமுக ஓரத்தின் இரு இடங்களில் கூடி நிற்பதையே காலை 10.30 முதல் மாலை 6 வரை தடைசெய்தது. மீறினால் 275 யூரோ வரை தண்டம். நிற்பது குற்றம். அமர்ந்து உண்பது குற்றமன்று, அதற்குப் பணம் கொடுக்கப்படுகிறதே! மறு ஆண்டு ஜூன் தொடக்கத்தில் அதே போர்ட்டோபினோவின் சதுக்கத்தில், இந்தியப் பெருந்தொழில் குடும்பம் ஒன்றின் திருமண முன்விழா மாலை நடந்தேறியது. விளம்பரப் படத்தின் தருக்கம் முற்றுப்பெறும் இடம் அது; இரண்டு நாற்காலிகளுக்குப் பதில் சில நூறு, அவ்வளவுதான். அந்த விழாவை நம் நாளிதழ்கள் பெருமிதத்தோடு எழுதின. அந்த ஊரார் அன்று மாலை எங்கே நடந்தார்கள் என்று கேட்கத் தோன்றியவர்கள் குறைவு.

பயணியைப் பழித்துப் பயனில்லை. கடலோர மாலையில் மகிழ்வது குற்றமாகாது. மகிழ்ச்சியைக் குற்றமாக்கும் கல்வித்துறைப் பழக்கம் பல சமயம் சோம்பலின் விளைவே. கேட்க வேண்டியது, காசு கொடுக்காமல் அமர எத்தனை இடம் மிஞ்சியிருக்கிறது என்பதே. சொரென்டோவில் இன்னும் மிஞ்சியிருக்கிறது. சான் பிரான்செஸ்கோ மடத்தை ஒட்டிய நகராட்சிப் பூங்காவில் பாறை விளிம்புவரை இருக்கைகள் உண்டு. மெழுகுவர்த்தி மேசைக்கு வாய்க்கும் அதே வளைகுடா அங்கிருந்தும் தெரிகிறது. கோடையில் புரோச்சிதா, இஸ்கியா தீவுகளின் பக்கம் சூரியன் இறங்குகிறது. காபிக் கடையில் முகப்பருகே நின்று குடிப்பவருக்கு ஒரு விலை, மேசையில் அமர்பவருக்கு மற்றொரு விலை என்னும் இத்தாலிய வழக்கம், வெளியார் பலருக்கு ஏமாற்றாகப் படுகிறது. உண்மையில் அது உள்ளூர்க்காரருக்கான தள்ளுபடி. நின்று குடித்துவிட்டு ஊர் வம்பு பேசுகிறவர்களுக்காக விடப்பட்டிருக்கும் சிறு கதவு. அக்கதவு யாருக்கும் திறந்தே இருக்கிறது.

இவை போதா. நகராட்சியின் கையில் உள்ள கருவிகள் வேறு: சதுக்கத்தில் உணவக மேசைகள் எவ்வளவு தூரம் பரவலாம் என்னும் உரிமம், காலியாகும் பொதுக் கட்டடம் விடுதியாகுமா வாடகைக் குடியிருப்பாகுமா என்னும் முடிவு, இரவுப் பணி முடிப்பவருக்கு ரயில் உண்டா என்னும் வினா. சலிப்பூட்டும் செய்திகள்தாம். தண்டம் விதிக்கும் ஆணைகள் உலகச் செய்தியாகும்; இவை ஆகா.

நேப்பிள்ஸில் நடக்கும் கருத்தரங்குகளுக்குப் போகும் நம் ஆய்வாளர்களில் சிலர் கடைசி நாள் மாலையைச் சொரென்டோவில் கழித்துத் திரும்புகிறார்கள். அவர்கள் ஏறும் இரவு ரயிலில் கையில் பையோடு, கருப்புக் கால்சட்டையும் வெள்ளைச் சட்டையுமாகச் சிலர் தூங்கி வழிவார்கள். அதே நேரத்தில் சான் செசாரேயோ சந்தில் கடைகள் கதவிறக்கும். செடில் டொமினோவாவில் இன்னும் ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தால், யாரோ ஒருவர் கடைசி ஆட்டத்தின் புள்ளிகளை எண்ணிக்கொண்டிருக்கிறார்.