மாணாக்கருக்குச் சொந்தமான மணி

நமது மாணாக்கர் புதுப் பொருள்களைத் தாமே வடிவமைக்கக் கற்க வேண்டுமென்பது சர்க்காரின் நோக்கம். 2016-ம் வருஷம் முதல் ஏறக்குறைய 10,000 பள்ளிகளில் அடல் டிங்கரிங் கூடங்கள் அமைந்தன. ஒவ்வொன்றுக்கும் 20 லக்ஷ ரூபாய் வரை மானியம். வரவேற்கிறோம். ஆனால், கருவி கொடுத்தால் போதுமா? அதைக் கையாள நேரம் வேண்டாமா? 2020-ம் வருஷத்துக் கல்விக் கொள்கை 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளில் குறித்த பையில்லா நாட்கள் பத்தே!

1937-ல் வார்தா மகாநாட்டையொட்டி ஜாகிர் ஹுசேன் கமிட்டி வகுத்த திட்டமோ, ஐந்தரை மணிப் பள்ளி நேரத்தில் 3 மணி 20 நிமிஷத்தைக் கைத்தொழிலுக்கே அளித்தது. அங்கே நேரம் இருந்தது. தொழிலைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பிள்ளைக்கு இல்லை.

இரண்டும் சேர வேண்டுமென்பதே நமது அபிப்பிராயம். வாரத்துக்கு இரண்டு பாடவேளைகளில் மாணாக்கன் தான் விரும்பிய பொருளை வரைந்து, செய்து, பிழை கண்டு, திருத்தட்டும். உபாத்தியாயர் துணை நிற்கட்டும். பரீட்சைப் பாடம் கெடுமென்று அஞ்சுவோர், அளவும் கணக்கும் அந்த வேலையிலேயே அடங்கியிருப்பதை உணர வேண்டும்.

அடிமையின் நாள் முழுவதையும் பிறரே வகுப்பர். சுதந்திர தேசத்துப் பிள்ளைக்கு வாரத்தில் இரண்டு மணியேனும் சொந்தமாக இருக்க வேண்டாமா?