பக்கத்துக் காலிமனையும் பத்து ரூபாய் மனுவும்

பக்கத்து வீட்டுக்காரர் ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பாட்டைச் சத்தமாக வைத்தால் சண்டைக்குப் போவோம். குப்பையை நம் வாசலுக்குத் தள்ளிவிட்டால் தெருவே வேடிக்கை பார்க்கிற மாதிரி கத்துவோம். ஆனால் பக்கத்து மனை பத்து வருஷமாகப் புதர் மண்டி, தண்ணீர் தேங்கி, கொசுப்பண்ணையாகக் கிடந்தால் மட்டும் வாயே திறக்க மாட்டோம். ஏன்? சண்டை போட அங்கே ஆள் இல்லை. அவ்வளவுதான்!

எங்கள் தெருவிலும் அப்படி ஒன்று உண்டு. பாதி கட்டி நின்றுபோன வீடு. உரிமையாளர் வெளியூரில். மூடி போடாத சம்ப்பில் மழைத்தண்ணீர், சுற்றிலும் கருவேலமும் பார்த்தீனியமும், போகிற வருகிறவர்கள் வீசிய பிளாஸ்டிக் கப்புகள். போன மழைக்காலத்தில் தெருவில் மூன்று வீடுகளில் டெங்கு. அதில் ஒன்று ஆறு வயசுக் குழந்தை... ரத்தத் தட்டணுக்கள் குறைந்து ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தது. "நகராட்சியில் புகார் கொடுக்கலாம்" என்றால் பெரியவர்கள் சொல்லும் பதில்: "எதுக்குப்பா வம்பு? நல்ல மனுஷன். ஊருக்கு வந்தா ஸ்வீட் பாக்ஸ் கொடுத்துட்டுப் போவார்."

நல்ல மனுஷராகவே இருக்கட்டும். கொசுவுக்கு அது தெரியாதே!

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடுவதில்லை. சம்ப், டயர், கொட்டாங்குச்சி இவற்றில் தேங்கும் ஓரளவு தெளிந்த நீர்தான் அதற்கு வேண்டும். முட்டை கொசுவாக மாற ஏழிலிருந்து பத்து நாள் போதும். தண்ணீர் வற்றினாலும் ஓரத்தில் ஒட்டிய முட்டை பல மாதம் உயிரோடிருந்து அடுத்த மழையில் பொரிக்கும். இன்னொரு விஷயம், இந்தக் கொசு அதிக தூரம் பறக்காது. பெரும்பாலும் சில நூறு மீட்டருக்குள்தான். அதாவது தெருவில் மூன்று பேருக்குக் காய்ச்சல் என்றால் காரணத்தையும் அந்தச் சுற்றுவட்டாரத்தில்தான் முதலில் தேட வேண்டும்.

இங்கேதான் வேடிக்கை. கொசு ஒழிப்புப் பணியாளர்கள் வீடு வீடாக வந்து நம் பூந்தொட்டித் தட்டு, ஃபிரிட்ஜ் பின்னால் உள்ள தட்டு எல்லாவற்றையும் டார்ச் அடித்துப் பார்க்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் பூட்டிய கேட்டைக் கண்டால் அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். பிறகு புகை அடிக்கிறார்கள். புகை பறக்கிற கொசுவைத்தான் கொல்லும், தண்ணீரில் நெளியும் புழுவை ஒன்றும் செய்யாது.

"உரிமையாளர் யாரென்றே தெரியாது, நாங்க என்ன பண்றது?" என்று அலுவலகத்தில் கேட்கலாம். நம்பாதீர்கள். காலிமனைக்கும் வரி உண்டு, கட்டடத்துக்கும் வரி உண்டு. அந்தப் பதிவேடு அவர்களிடம்தான் இருக்கிறது. வரி வாங்கும்போது தெரிகிற முகவரி நோட்டீஸ் அனுப்பும்போது மட்டும் மறந்துபோகுமா?

அதிகாரமும் இல்லாமல் இல்லை. 1939-ஆம் ஆண்டிலிருந்தே நமக்குப் பொதுச் சுகாதாரச் சட்டம் இருக்கிறது. சுகாதாரக் கேட்டை நீக்கச் சொல்லி உரிமையாளருக்கு நோட்டீஸ் கொடுக்கலாம். அவர் செய்யாவிட்டால் உள்ளாட்சியே செய்துவிட்டுச் செலவை அவரிடம் வசூலிக்கலாம். அதுவும் நடக்கவில்லையா? பொதுத் தொல்லையை அகற்ற உத்தரவிடும்படி கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 133-ஆவது பிரிவு. 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 152.

அந்தப் பழைய 133-ஐ வைத்துத்தான் மத்தியப் பிரதேசத்து ரத்லம் நகர மக்கள் சாக்கடை நாற்றத்துக்காகத் தங்கள் நகராட்சியையே இழுத்தார்கள். நகராட்சி என்ன சொன்னது தெரியுமா? எங்களிடம் பணமில்லை, அதோடு அந்த இடம் எப்படியென்று தெரிந்துதானே இவர்கள் குடிவந்தார்கள் என்றது! 1980-இல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் அதை ஏற்கவில்லை. பணமில்லை என்பது சட்டப்படியான கடமையிலிருந்து தப்பிக்கச் சாக்காகாது என்று தீர்ப்பளித்தார்.

சரி, நாம் செய்ய வேண்டியது என்ன? முதலில் உரிமையாளருக்கு ஒரு போன். நியாயமான மனிதர் என்றால் அதிலேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் எழுத்தில் மனு. "ஆவன செய்யவும்" என்று பொதுவாக எழுதினால் யாரும் வர மாட்டார்கள். எந்தத் தெரு, எந்தக் கதவு எண்ணுக்கு அடுத்த இடம், என்ன ஆபத்து, என்ன செய்ய வேண்டும் (உதாரணமாக, சம்ப்பை மூட வேண்டும்) என்று எழுதுங்கள். தேதியிட்ட போட்டோ, நாலைந்து வீட்டாரின் கையெழுத்து சேருங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் நகராதீர்கள். கவுன்சிலரிடம் வாயால் சொன்னது காற்றோடு போகும்.

ஒரு மாதம் ஆகியும் அசைவில்லையா? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி, "இந்தத் தேதியில் கொடுத்த மனு மீது எடுத்த நடவடிக்கையின் நகல் வேண்டும்" என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். தூங்குகிற கோப்பு பல நேரம் இதில் எழுந்து உட்காரும்! திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளும் இருக்கிறது.

"பாவம், அவருக்குப் பாகப்பிரிவினை வழக்கு நடக்கிறதாம்" என்பார்கள். அப்படியானால் புகார் இன்னும் அவசியம். வழக்கில் கிடக்கிற சொத்தில் எந்தப் பங்காளியும் காசு போட மாட்டான். உரிமை யாருக்கு என்று கோர்ட் முடிவு செய்யட்டும். சம்ப்பை மூட நகராட்சி தீர்ப்புக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

புகார் கொடுப்பது காட்டிக்கொடுப்பது இல்லை நண்பர்களே. நேருக்கு நேர் சண்டை போடாமல், நடுவில் சட்டத்தை நிற்க வைக்கிற நாகரிகமான வழி அது. பக்கத்து வீட்டு உறவு கெடுமே என்று யோசிக்கிறோம். அந்தக் குழந்தையின் வீடும் பக்கத்து வீடுதான். அதுவும், பூட்டாமல் ஆள் குடியிருக்கிற வீடு.