உலாவிக்கும் டெஸ்க்டாப்புக்கும் நடுவே கதவு போதும்

கணினியில் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருக்கிறீர்கள். உலாவியில் இருபது டேப்கள் திறந்து கிடக்கின்றன. அவற்றில் ஏதோ ஒன்றில் பாட்டு ஓடுகிறது. அந்த நேரம் பார்த்துப் பாட்டி கைப்பேசியில் அழைக்கிறார். பாட்டை நிறுத்த வேண்டும். ஆனால் எந்த டேப்? ஒவ்வொன்றாகத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் மணி அடித்து ஓய்ந்துவிடுகிறது. பிறகு, "கூப்பிட்டால் எடுக்கவே மாட்டாயே" என்ற பேச்சையும் கேட்க வேண்டியதுதான்.

என் மடிக்கணினியில் இப்போது இந்தத் தொல்லை இல்லை. கைப்பேசி மணி அடித்ததும் உலாவியில் ஓடும் பாட்டு தானாக நிற்கிறது. பேசி முடித்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. அது லினக்ஸ் கணினி. அதில் இருப்பது கேடிஈ பிளாஸ்மா என்னும் டெஸ்க்டாப் சூழல். டெஸ்க்டாப் சூழல் என்றால் நாம் கண்ணால் பார்க்கும் பட்டை, பட்டியல், சாளரம், அறிவிப்பு எல்லாம் சேர்ந்தது. 2018-இல் பிளாஸ்மா 5.13 பதிப்போடு, உலாவியை அந்தச் சூழலோடு இணைக்கும் சிறிய நீட்சி ஒன்று வந்தது. அதையும் கைப்பேசியைக் கணினியோடு சேர்க்கும் கேடிஈ கனெக்ட் செயலியையும் நிறுவியிருக்கிறேன். அவ்வளவுதான்.

மாணவர்களே, இந்த வசதியைப் புகழ்வதற்காக நான் எழுதவில்லை. வசதி எல்லா இயங்குதளத்திலும் ஏதோ ஒரு வகையில் கிடைக்கும். இரண்டையும் எப்படி இணைத்தார்கள் என்பதுதான் என் கவலை. உலாவியை டெஸ்க்டாப்போடு பற்றவைத்து ஒன்றாக்கிவிடலாம். அல்லது, இரண்டுக்கும் நடுவே சுவரை நிற்கவிட்டு, அதில் ஒரு கதவு வைக்கலாம். இரண்டாவது வழியே சரி என்பது என் கருத்து. அதில் சிரமம் கூடுதல் என்பதையும் ஒப்புக்கொண்டுதான் சொல்கிறேன்.

முதலில் சுவர் எதற்கு என்று பார்ப்போம். உங்கள் கணினியில் உள்ள மற்ற நிரல்களை நீங்கள் தேர்ந்தெடுத்து நிறுவினீர்கள். உலாவி அப்படியல்ல. நீங்கள் திறக்கும் ஒவ்வொரு பக்கமும் முன்பின் தெரியாத ஒருவர் எழுதிய நிரலை உள்ளே கொண்டுவருகிறது. விளம்பரத்தில்கூட நிரல் இருக்கிறது. அதனால்தான் உலாவி அவற்றை வேலி போட்ட இடத்தில் மட்டும் ஓடவிடுகிறது. அந்த வேலி இல்லாவிட்டால், சமையல் குறிப்புப் பக்கம் ஒன்று உங்கள் குடும்பப் படங்களைத் திறந்து பார்க்க முடியும். ஆக, உலாவியை டெஸ்க்டாப்போடு இணைப்பது என்றாலே அந்த வேலியில் ஓர் ஓட்டை போடுவதுதான். எவ்வளவு பெரிய ஓட்டை, யார் திறப்பது, யார் மூடுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பற்றவைத்தால் என்ன ஆகும் என்பதை உலகம் ஏற்கெனவே பார்த்துவிட்டது. 1997-இல் வெளிவந்த இண்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 4, விண்டோஸ் டெஸ்க்டாப்பின் உள்ளேயே புகுந்தது. விண்டோஸ் 98-இல் உலாவி இயங்குதளத்தின் ஒரு பகுதியாகவே வந்தது. அமெரிக்க அரசு 1998 மே மாதம் வழக்குத் தொடுத்தபோது, இரண்டும் ஒரே பொருள், பிரிக்க முடியாது என்பது மைக்ரோசாப்டின் வாதமாக இருந்தது. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 2000-ஆம் ஆண்டில், நிறுவனம் போட்டிச் சட்டத்தை மீறியது என்று தீர்ப்பு வந்தது. நிறுவனத்தை இரண்டாக உடைக்கும் உத்தரவை 2001-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நீக்கினாலும், சட்டமீறலின் முக்கியப் பகுதியை உறுதி செய்தது. ஐரோப்பாவில் கதை இன்னும் நீண்டது. விண்டோஸ் பயனர்களுக்குப் பல உலாவிகளைக் காட்டித் தேர்ந்தெடுக்கவிடும் திரை ஒன்றை 2010-இல் மைக்ரோசாப்ட் கொண்டுவர வேண்டியதாயிற்று. ஒரு கட்டத்தில் அந்தத் திரை காணாமல் போனதால், 2013-இல் 561 மில்லியன் யூரோ அபராதம் விழுந்தது.

வழக்கை விடுங்கள், அது நிறுவனங்களின் சண்டை. பயனருக்கு என்ன நடந்தது? எக்ஸ்ப்ளோரரில் ஆக்டிவ்எக்ஸ் என்றொரு வசதி இருந்தது. ஒரு பக்கம் அனுப்பும் நிரல் துண்டு, உட்கார்ந்திருப்பவருக்கு உள்ள அத்தனை அதிகாரத்தோடும் கணினியில் ஓடும். வேலியே இல்லை. தென்கொரியாவில் இணைய வங்கிச் சேவைகள் பல ஆண்டுகள் இதையே நம்பியிருந்தன. அங்கே வேறு உலாவி வைத்திருந்தவர் தம் சொந்த வங்கிக் கணக்கைத் திறக்கவே எக்ஸ்ப்ளோரரைத் தேடிப் போக வேண்டியிருந்தது.

லினக்ஸ் உலகமும் இந்த ஆசைக்கு விலக்கல்ல. ஜெர்மானிய மாணவர் மத்தியாஸ் எட்ரிச் 1996-இல் தொடங்கிய கேடிஈ திட்டம், 2000-ஆம் ஆண்டில் கான்கரர் என்னும் நிரலை வெளியிட்டது. கோப்புகளைப் பார்ப்பதும் அதில்தான், இணையத்தில் உலாவுவதும் அதில்தான். பார்ப்பதற்கு எக்ஸ்ப்ளோரரின் தம்பி போல இருக்கும். ஆனால் உள்ளே ஒரு வேறுபாடு. பக்கத்தை வரைந்து காட்டும் கேஎச்டிஎம்எல் என்னும் பகுதி கழற்றி மாட்டக்கூடிய தனித் துண்டாக இருந்தது. அதன் மூல நிரலும் திறந்தே இருந்தது. அதனால் ஆப்பிள் நிறுவனம் அதை எடுத்துச் சென்று, 2003 ஜனவரியில் அறிவித்த சஃபாரி உலாவிக்கு அடித்தளமாக்கியது. அதிலிருந்து வெப்கிட் வளர்ந்தது. 2008-இல் வந்த கூகுள் குரோம் வெப்கிட்டின் மேல் எழுந்தது. 2013-இல் கூகுள் அதிலிருந்து கிளைபிரிந்து பிளிங்க் என்று பெயர் வைத்தது. இன்று நீங்கள் குரோம், எட்ஜ், ஓபரா என்று எதைத் திறந்தாலும், அதன் பாட்டன் அந்த லினக்ஸ் டெஸ்க்டாப்பில் பிறந்தவன். பிரிக்க முடிந்ததால்தான் அது பயணம் போனது. 2008-இல் கேடிஈ குழுவினரே கோப்பு பார்க்கும் வேலையை டால்ஃபின் என்ற தனி நிரலுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

சரி, கதவு வைத்த இணைப்பு எப்படி வேலை செய்கிறது? என் பாட்டு நின்ற கதையையே பிரித்துப் பார்ப்போம்.

உலாவியில் உள்ள நீட்சி நேரடியாக டெஸ்க்டாப்பைத் தொட முடியாது. அது செய்யக்கூடியது ஒன்றுதான்: உலாவியிடம் சொல்லி, வெளியே உள்ள ஒரு துணைநிரலுக்குச் செய்தி அனுப்பலாம். அந்தத் துணைநிரலைப் பற்றிய சிறு கோப்பு ஒன்று கணினியில் முன்கூட்டியே வைக்கப்பட்டிருக்க வேண்டும். எந்த எந்த நீட்சி இதோடு பேசலாம் என்ற பெயர்ப்பட்டியலும் அந்தக் கோப்பில் இருக்கும். பட்டியலில் இல்லாதவர் கதவைத் தட்டவே முடியாது. செய்தி அனுப்பும் முறையும் வியக்கும்படி எளிமையானது. முதல் 4 பைட்டுகள் செய்தியின் நீளத்தைச் சொல்கின்றன, பின்னால் செய்தி வருகிறது. 20 பைட் செய்தி என்றால், நம் வீடுகளில் உள்ள பெரும்பாலான கணினிகளில் அந்த நான்கு பைட்டுகள் 20, 0, 0, 0 என்று இருக்கும். நிரல் எழுதப் பழகும் படிவம் நான்கு மாணவர் ஒருவர் ஒரு மாலைப் பொழுதில் இதை எழுதிப் பார்க்கலாம்.

துணைநிரல் செய்தியை வாங்கி, டி-பஸ் என்னும் பொதுத் தபால் நிலையத்தில் சேர்க்கிறது. லினக்ஸ் டெஸ்க்டாப்பில் உள்ள நிரல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் இடம் அது. அங்கே பாட்டு, காணொளி இயக்கும் நிரல்களுக்கென்று எம்ப்ரிஸ் என்றொரு பொது விதி இருக்கிறது. 'நான் ஒரு பாட்டு இயக்கி, என்னிடம் ஓடு, நில், அடுத்தது என்று சொல்லலாம்' என்று அறிவிப்பதுதான் அந்த விதியின் சாரம். துணைநிரல் உலாவிக்காக அப்படி அறிவித்துவிடுகிறது. கேடிஈ கனெக்ட் கைப்பேசி மணி அடிப்பதை அறிந்ததும், எம்ப்ரிஸ் விதிப்படி பதிவான எல்லாரையும் 'நில்' என்கிறது. அது பேசுவது உலாவியிடமா, பாட்டுச் செயலியிடமா என்று அதற்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது இந்த இடம்தான். விதி திறந்திருப்பதால், பின்னாளில் குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் தாங்களே எம்ப்ரிஸ் பேசக் கற்றுக்கொண்டன. கேடிஈ-க்குப் போட்டியான குனோம் சூழலும் அதே விதியைப் புரிந்துகொள்கிறது. யாரும் யாரையும் விழுங்கவில்லை.

தமிழில் தட்டச்சு செய்வதும் இப்படிப்பட்ட ஒரு கதவுதான். லினக்ஸில் தமிழ்99 விசைப்பலகையைப் பயன்படுத்துவோருக்கு ஐபஸ் போன்ற உள்ளீட்டு நிரல் ஒன்று பின்னணியில் ஓடும். நீங்கள் அழுத்தும் விசைகளைத் தமிழ் எழுத்தாக்கி, உலாவியிடம் கொடுப்பது அதன் வேலை. ஒவ்வோர் உலாவியும் தனித்தனியே தமிழ் கற்க வேண்டியதில்லை. கதவு சரியாக இருந்தால் எல்லா உலாவியிலும் தமிழ் வரும். கதவு பழுதானால் தேடல் பெட்டியில் 'அம்மா' என்று எழுதக்கூட வழியிருக்காது.

இதுவரை நல்லதையே சொன்னேன். இப்போது குறை.

நான் புகழ்ந்த அந்த நீட்சியை நிறுவும்போது உலாவி ஓர் எச்சரிக்கையைக் காட்டும்: எல்லா இணையத்தளங்களிலும் உள்ள உங்கள் தரவை இது அணுகும், பதிவிறக்கங்களைப் பார்க்கும், உலாவிக்கு வெளியே உள்ள நிரலோடு பேசும். எந்தப் பக்கத்தில் பாட்டு ஓடும் என்று முன்கூட்டியே தெரியாததால் எல்லாப் பக்கத்துக்கும் அனுமதி கேட்கிறார்கள். காரணம் புரிகிறது. ஆனாலும் எனக்கு உடன்பாடில்லை. பாட்டை நிறுத்தும் வசதி மட்டும் வேண்டும் என்பவரும் அதே பெரிய அனுமதியைத் தர வேண்டியிருக்கிறது. அமைப்புகளில் போய்த் தேவையில்லாத வசதிகளை அணைக்கலாம்தான். ஆனால், அனுமதி கொடுத்தது கொடுத்ததுதான். தேவைப்படும் நேரத்தில் மட்டும் கேட்கும் முறை உலாவிகளில் இருக்கும்போது, வசதிக்கு ஒரு கதவு, கதவுக்கு ஒரு பூட்டு என்று பிரித்திருக்கலாம். இன்னொன்றையும் கவனியுங்கள். துணைநிரல் உலாவியின் வேலிக்கு வெளியே ஓடுகிறது. உங்கள் கோப்புகளைத் தொடும் அதிகாரம் அதற்கு உண்டு. நம்பிக்கையான இடத்திலிருந்து வந்த துணைநிரலா என்பதைப் பார்க்காமல் நிறுவினால், கதவு வைத்த பயனே போய்விடும்.

புதிய வழி ஒன்றும் வளர்ந்து வருகிறது. இணைய வகுப்பில் ஆசிரியர் திரையைப் பகிரச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பழைய எக்ஸ்11 முறையில், ஓடும் எந்த நிரலும் முழுத் திரையையும் பார்க்க முடியும், நீங்கள் அழுத்தும் விசைகளைக்கூட ஒட்டுக்கேட்க முடியும். வேலண்ட் என்னும் புதிய முறையில் உலாவிக்கு அந்த அதிகாரம் இல்லை. அது டெஸ்க்டாப்பிடம் கேட்க வேண்டும். டெஸ்க்டாப் உங்களிடம் கேட்கும்: எந்தச் சாளரம்? நீங்கள் காட்டிய சாளரம் மட்டும் உலாவிக்குப் போகும். பக்கத்தில் திறந்திருக்கும் நண்பரின் குறுஞ்செய்தி போகாது.

இதெல்லாம் இடைஞ்சல், மற்ற கணினிகளில் பெட்டியைத் திறந்தாலே எல்லாம் ஓடுகிறதே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. லினக்ஸில் நீட்சி ஒரு பக்கம், துணைநிரல் ஒரு பக்கம். ஒன்று இல்லாவிட்டால் மற்றது சும்மா இருக்கும், ஏன் என்று தெளிவாகச் சொல்லவும் சொல்லாது. 2022 ஏப்ரலில் உபுண்டு 22.04 வந்தபோது ஃபயர்ஃபாக்ஸ் உலாவியை ஸ்னாப் என்னும் தனிப் பொதிக்குள் வைத்துக் கொடுத்தார்கள். பாதுகாப்பு கூடியது. ஆனால், துணைநிரலோடு பேசும் வழி அடைபட்டது. நேற்றுவரை ஓடிய நீட்சிகள் திடீரென்று ஊமையாயின. பயனரைக் கேட்டுத் திறக்கும் ஒரு வழியைப் பிறகு அமைத்துத்தான் அதைச் சரிசெய்தார்கள். இடையில் அவதிப்பட்டவர்களிடம் போய்ச் சுவரின் பெருமையைப் பேசினால் அடிக்க வருவார்கள்.

ஆனால் மறுபக்கத்தையும் பாருங்கள். பல பள்ளிகளில் உள்ள குரோம்புக் கணினியிலும் உள்ளே இருப்பது லினக்ஸ் கருதான். அதில் உலாவியும் இயங்குதளமும் ஒன்றாகவே புதுப்பிக்கப்படுகின்றன. அந்தக் கருவிக்குப் புதுப்பிப்புக் காலம் முடிந்ததும் உலாவியும் அதோடு பழசாகிவிடும். திரையும் விசைப்பலகையும் நன்றாக இருந்தாலும் பாதுகாப்புத் திருத்தம் வராது. சாதாரண லினக்ஸ் கணினியில் பத்து வருடப் பழைய இயந்திரமானாலும் உலாவியை மட்டும் தனியே புதுப்பித்துக்கொள்ளலாம்.

என் கணினியில் நான் பாட்டு நிறுத்தும் வசதியையும் பதிவிறக்க அறிவிப்பையும் வைத்திருக்கிறேன். திறந்திருக்கும் டேப்களை டெஸ்க்டாப்பின் தேடலில் காட்டும் வசதியை அணைத்துவிட்டேன். ஒருமுறை உறவினர் ஒருவருக்கு ஏதோ காட்டுவதற்காக இரண்டு எழுத்து தட்டியதும், அவருக்கு வாங்கவிருந்த பிறந்தநாள் பரிசின் கடைப் பக்கம் பட்டியலின் உச்சியில் வந்து நின்றது.