தாழ்வு மனப்பான்மையா, தாழ்த்தப்பட்டதா?

பல ஆண்டுகளுக்கு முன், என்னிடம் பயிற்சி பெற்ற உளவியல் ஆலோசகர் ஒருவர் எழுதிய குறிப்பில் கையெழுத்திட்டேன். விடுதியில் பலர் முன்னிலையில் சாதிப் பெயர் சொல்லிக் கேலி செய்யப்பட்ட தலித் மாணவனைப் பற்றியது அது. 'தாழ்வு மனப்பான்மை. தன்னம்பிக்கைப் பயிற்சி தேவை' என்று எழுதியிருந்தார். அந்த மாணவன் மறுபடி வரவே இல்லை.

தவறு அவருடையது மட்டுமல்ல. சாதி பற்றி ஒரு வகுப்புகூட எடுக்காமல் அவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்தவன் நான். கையெழுத்தும் என்னுடையது.

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-இன் 18ஆம் பிரிவு, சாதிப் பாகுபாடற்ற மனநலச் சேவையை உரிமை என்கிறது. தலித் மக்களைப் பிறர் பொதுப்பார்வையில் வேண்டுமென்றே இழிவுபடுத்துவதை 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் குற்றம் என்கிறது. சட்டம் குற்றம் என்று சொன்னதை நாங்கள் அவனுடைய குறை என்று எழுதினோம்.

புகார் கொடுக்கும் உரிமை உண்டு என்று அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டும். கொடுப்பதா வேண்டாமா என்பது அவன் முடிவு. அவன் சம்மதமின்றிக் கல்லூரி நிர்வாகத்திடம் ஒரு சொல்லும் போகக் கூடாது. இதையெல்லாம் கற்றுத்தருவதும், நடக்கிறதா என்று வாராவாரம் கேட்பதும் மேற்பார்வையாளரின் கடமை. 'நாங்கள் சாதி பார்ப்பதில்லை' என்பது நடுநிலை அல்ல. எதிரில் இருப்பவரின் காயத்தைப் பார்க்க மறுப்பது.

இப்போது 'தாழ்வு மனப்பான்மை' என்று யார் எழுதி வந்தாலும் கையெழுத்திடுமுன் ஒன்று கேட்கிறேன்: தாழ்த்தியது யார்?